கோவிந்தப்பா வீட்டு நாற்காலி

அல்சூர் ஏரிக்கரைப் பக்கத்துச் சந்துகளில் ரமாவுக்குக் 'கேள்வியம்மா' என்று பெயர். அவள் காதில் விழாமல்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் யார் காதிலும் விழாமல் எதையும் சொல்லிவிட முடியாது. ரமா அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கேள்வி கேட்பதுதானே அவளுடைய உத்தியோகம்! வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், புருஷன் குடிப்பானா, அடுப்பு தினம் எரிகிறதா, குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்றா. பெற்ற தாயே கேட்கத் தயங்குகிற கேள்விகளை, முன்பின் தெரியாத ஒருத்தி குடையும் கைப்பையுமாக வந்து கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அப்படியிருந்தும் அந்த ஜனங்கள் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய நல்ல குணமே தவிர, அவளுடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அதற்கு முன்பெல்லாம் ஏழைகளுக்கு உதவி என்றால் பண்டிகைக்கு வேட்டி புடவை கொடுப்பது, கோயிலில் சோறு போடுவது, மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, அவ்வளவுதான். கொடுக்கிறவருக்கு மனசு வந்தால் கொடுப்பார். வராவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். இப்போது டில்லியில் சமூக நல வாரியம் என்று ஏற்பட்டு, ஊருக்கு ஊர் இருந்த மாதர் சங்கங்களுக்கு மானியம் வர ஆரம்பித்திருந்தது. தர்மம் செய்வதற்கும் மனு, விசாரணை, கமிட்டி, தீர்மானம் என்று முறைகள் வந்துவிட்டன. இதைக் கேலி செய்கிறவர்கள் அப்போதும் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். வாசலில் நின்று சத்தம் போடத் தெரிந்தவனுக்குத்தான் பழைய தர்மம் கிடைத்தது. சத்தம் போடத் தெரியாதவர்களைத் தேடிக்கொண்டு ஒருத்தி சந்து சந்தாக நடந்து போவது நல்ல ஏற்பாடு. போகிறவளுக்குக் கண் சரியாகத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம்.

ரமா சாமராஜபேட்டைப் பெண். அவள் அப்பா நாணு ஐயர் அட்டாரா கச்சேரி என்ற சர்க்கார் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக மைசூர் ராஜ்யத்து உப்பைத் தின்ற தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். ரமாவைப் பதினெட்டு வயதில் சுப்ரமணியனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பையன், நல்ல குடும்பம். ஆனால் டைபாய்டு ஜுரத்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷத்துக்குள் ரமா வெறும் நெற்றியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். குழந்தை இல்லை. 'ஒரு தொல்லையும் இல்லை பாரு' என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சமாதானத்தைக் கேட்ட இரவுகளில் அவள் தூங்கவில்லை.

அவளை அந்த வீட்டு மூலையிலிருந்து வெளியே இழுத்து வந்தவள் ஜகதாம்பாள். சுப்ரமணியனுடைய அத்தை. வாட்டசாட்டமான உடம்பு, கணீரென்ற குரல், எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற வழக்கம் கிடையாது. கண்டோன்மென்ட் பக்கத்தில் மாதர் நலச் சங்கம் ஒன்றை ஆரம்பித்து, தானே தலைவியாக இருந்தாள். "மூலையில உக்காந்துண்டு அழறதுக்கு ஒரு சம்பளமும் கிடைக்காது. கிளம்பு" என்று சொல்லி ரமாவைச் சமூக சேவைப் பயிற்சிக்கு அனுப்பி, அது முடிந்ததும் சங்கத்தில் வேலை போட்டுக் கொடுத்தாள். ஜனங்கள் ஜகதாம்பாளை அடாவடிக்காரி என்பார்கள். இருக்கட்டும். அந்த அடாவடி இல்லாவிட்டால் ரமாவின் கதை சாமராஜபேட்டை வீட்டின் பின்கட்டிலேயே முடிந்திருக்கும்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த இரண்டு விஷயங்களை ரமா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒன்று, யார் வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதே. ஏழைக்கும் மானம் உண்டு. இன்னொன்று, வாய் சொல்வதை மட்டும் நம்பாதே, வீட்டைப் பார். சாமான் சட்டு உண்மை சொல்லும். இரண்டும் தனித்தனியாக நல்ல பாடம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை, படித்தவளுக்கும் தோன்றவில்லை.

எனவே ரமா எந்த வீட்டுக்குப் போவதானாலும் முதல் நாளே சங்கத்துப் பியூன் கிருஷ்ணப்பா சைக்கிளில் போய், "நாளைக்கு அம்மா வருவாங்க, வூட்ல இருங்க" என்று சொல்லிவிட்டு வருவான்.

அப்படித்தான் தனக்கோடியின் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள்.

தனக்கோடிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். அவள் புருஷன் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து போன வருஷம் செத்துப்போனான். காந்தா என்று ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் நன்றாக ஓடத் தொடங்கியிருந்தது. தொட்டிலில் கிடந்த வரைக்கும் வேலை நடக்கிற இடத்து மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மண் சுமந்தாள். இப்போது குழந்தை சுண்ணாம்புக் குழிப் பக்கம் ஓடுகிறது, சாரத்தடியில் போய் நிற்கிறது. மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: குழந்தையோடு வருவதானால் வேலைக்கு வர வேண்டாம். சந்தில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாப் பெண்களும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள். சங்கத்தில் ஒரு காப்பகம் இருந்தது. காலையில் கொண்டு விட்டால் சாயங்காலம்வரை பார்த்துக்கொள்வார்கள்; பால் உண்டு, மத்தியானம் சோறு உண்டு. இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் அதிகம். ஆகையால் கதியே இல்லாதவர்களுக்குத்தான் முதல் சலுகை. தனக்கோடி யாரையோ பிடித்து மனு எழுதி வாங்கிப் போட்டிருந்தாள்.

ரமா போனபோது வாசல் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே ஒரே அறை. நடுவில் கைவைத்த நாற்காலி ஒன்று கம்பீரமாக வீற்றிருந்தது. பட்டாளத்து ஏலச் சரக்கு மாதிரி கனமான மரம், பிரம்புப் பின்னல். பக்கத்தில் பளபளவென்று துலக்கிய பித்தளைக் கூஜா. தனக்கோடி கஞ்சி போட்ட நீலப் புடவை கட்டியிருந்தாள். குழந்தை புதுக் கவுன் போட்டுக்கொண்டு, அது எங்கே அழுக்காகிவிடுமோ என்று யாரோ மிரட்டி வைத்தது போல் சுவரோரம் அசையாமல் நின்றது.

"உக்காருங்கம்மா" என்றாள் தனக்கோடி.

ரமா உட்கார்ந்தாள். காப்பி வந்தது, சர்க்கரை தாராளமாகப் போட்ட காப்பி. ரமா கேள்விகளைக் கேட்டாள். தனக்கோடி எல்லாவற்றுக்கும் தலை குனிந்து ஒரே மாதிரி பதில் சொன்னாள்.

"ரெண்டு வேளையும் சாப்பிடறேளா?"

"ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் கொறவில்லீங்க."

"கடன் உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா."

"கஷ்டம்னு மனுவுல போட்டிருக்கே?"

தனக்கோடி அதற்கு லேசாகச் சிரித்தாள். "காப்பி ஆறிடப் போவுதுங்க" என்றாள்.

எழுந்திருக்கும்போது நாற்காலியின் வலது கையில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் ரமாவின் முந்தானை மாட்டிக்கொண்டு சர்ரென்று கிழிந்தது. தனக்கோடி பதறிப்போனாள். வேறு எந்தக் கேள்விக்கும் கலங்காத முகம் அந்தக் கிழிசலைப் பார்த்ததும் கலங்கியது. "பரவாயில்லை, பழைய புடவைதான்" என்று சொல்லிவிட்டு ரமா கிளம்பினாள்.

வழியெல்லாம் யோசித்தாள். கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை. ஆனால் இதைவிட மோசமான வீடுகள் அவள் பார்த்திருந்தாள். தரையில் உட்காரப் பாய்கூட இல்லாத வீடுகள். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: மரச்சாமான் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, தாயும் குழந்தையும் நல்ல உடை, கடன் இல்லை. கமிட்டி மனுவைத் தள்ளிவிட்டது. ரமாவுக்கு அன்றைக்கு நன்றாகவே பசித்தது, நன்றாகச் சாப்பிட்டாள்.

அதே சந்தில் நாலு வீடு தள்ளிப் பாஞ்சாலி என்று ஒருத்தி. தையல் வகுப்பில் சேர மனு போட்டிருந்தாள். சில வாரம் கழித்து, வழக்கம்போல் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு வியாழக்கிழமை ரமா அங்கே போனாள். வாசலில் கோலம். உள்ளே நாற்காலி. காப்பி. கேள்விகள் முடிந்து எழுந்தாள்.

முந்தானை சர்ரென்றது.

ரமா குனிந்து பார்த்தாள். அதே வலது கை. அதே ஆணி. அதில் அவளுடைய பழைய புடவையின் நூல் இழை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாஞ்சாலி, இந்த நாற்காலி யாரோடது?"

"நம்மளதுதாங்கம்மா" என்று சட்டென்று சொன்னாள் பாஞ்சாலி. ரமா ஆணியிலிருந்த அந்த இழையை எடுத்துக் காட்டினாள். பாஞ்சாலிக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோவிந்தப்பா வூட்டுதுங்க. பட்டாளத்துல குசினி வேலை பண்றப்ப ஏலத்துல எடுத்தாரு. இந்த லைன்ல பெரியவங்க யாரு வந்தாலும் இதான் வரும். பொண்ணு பாக்க வந்தா, டாக்டர் வந்தா, இப்ப நீங்க வந்தா... வந்தவங்கள தரையிலயா உக்கார வெக்கறது?"

"கூஜா?"

"அது சரளா வூட்டுது."

"தனக்கோடி வீட்டுக்கு நான் வந்தப்போ?"

"அன்னிக்கு லைனே சேந்துதாங்க குடுத்தோம். பாவம், அவகிட்ட இன்னா இருக்குது? பொடவ என்னுது. காப்பித்தூள், சக்கரை எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அம்மா சந்தோசமாப் போவணும், அவளுக்கு நல்லது நடக்கணும்னு. ஆனா இன்னா பண்றது, அவளுக்கு இடம் இல்லன்னுட்டாங்களே" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப பேஜாருங்கம்மா. வர்ற ஞாயித்துக்கெழமை தங்கவயல்லருந்து வர்றாங்க. அவ புருசன் வழியில தூரத்து ஒறவு. கொழந்த குட்டி இல்லாதவங்க. காந்தாவ அவங்களுக்கே குடுத்துடறா."

ரமா கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஏழைக்கு மானம் உண்டு என்று முதல் நாளே சொல்லி அனுப்பியது யார்? அவள்தான். அந்த மானம் நாற்காலியாகவும் கூஜாவாகவும் எதிரே வந்து உட்கார்ந்ததும், அதைச் சொத்து என்று எழுதி வைத்தது யார்? அதுவும் அவள்தான். ஊரே கூடி ஒருத்திக்கு உதவி செய்ய, அந்த உதவியையே காட்டி அவளுக்குக் கதவைச் சாத்தியாயிற்று.

குடையைப் பாஞ்சாலி வீட்டிலேயே மறந்துவிட்டுத் தனக்கோடி வீட்டுக்குப் போனாள். தனக்கோடி அப்போதுதான் வேலை முடிந்து வந்து தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியிடம் கெஞ்சி இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் குழந்தையோடு வர அனுமதி வாங்கியிருக்கிறாளாம். இப்போது அறையில் ஒரு மண் அடுப்பும் சுருட்டிய பாயும் தவிர ஒன்றுமில்லை. காந்தா ரமாவைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில் சுவரோரம் போய் அசையாமல் நின்றது.

"ஏம்மா, இது எதுவும் உன்னோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மனுவுல எழுதியிருந்துதுங்களே" என்றாள் தனக்கோடி. "இல்லாதவன்னு எழுதித்தானே குடுத்தேன். வூட்டுக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா அத வேற வாயால சொல்லணுமாங்க?"

"குழந்தையைக் கொடுத்துடப் போறியாமே?"

"அங்க பால் வாங்கிக் குடுப்பாங்க. சொரங்கத்துல நல்ல வேலை அவருக்கு. கோர்ட்டர்ஸ் வூடு." பாடம் ஒப்பிப்பதைப் போல் சொல்லிக்கொண்டே வந்தவள், குழந்தையின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. "சாரத்தடியில போய் நிக்குதுங்கம்மா. அதுங்கப்பன் போன மாதிரி இதுவும் போய்ட்டா?"

"சனிக்கிழமை கமிட்டி இருக்கு. மறுபடி பேசிப் பார்க்கறேன். கமிட்டிக்காரா யாராவது நேர்ல பார்க்க வந்தா, இப்படியே இருக்கட்டும். நாற்காலி கீற்காலி எதுவும் கொண்டு வராதே" என்றாள் ரமா.

தனக்கோடியின் முகம் இறுகிப்போனது. "அது எப்டிங்க முடியும்?" என்றாள்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. ஜகதாம்பாள் நடுவில். பக்கத்தில் செயலாளர் ஜெயராமன், கஜானா இலாகாவில் ஓய்வு பெற்றவர், சட்டதிட்டங்களை விரல் நுனியில் வைத்திருப்பவர். இன்னும் சில மாதர்கள். ரமா விஷயத்தைச் சொன்னாள். நாற்காலி சந்துக்கே பொது என்பதையும், ஆணியையும், தங்கவயல்காரர்கள் மறுநாள் வரப்போவதையும் சொன்னாள்.

ஜெயராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. இருந்த இடங்கள் கொஞ்சமாக இருந்ததால், தப்பான ஆளுக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. "அம்மா, நீங்கள் எழுதியதை நம்பித்தான் தீர்மானம் போட்டோம். இப்போது அது தவறு என்கிறீர்கள். சரி, நாற்காலி இரவல் என்றே வைத்துக்கொள்வோம். விசாரணைக்கு வருகிறவரிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டியவள், நாளைக்கு இருப்பதை இல்லை என்று காட்ட மாட்டாள் என்பது என்ன நிச்சயம்?"

"கரெக்ட்" என்றாள் ஜகதாம்பாள். "நம்ம கண்ணைக் கட்டப் பார்த்திருக்கா. இரவல் சாமானை வச்சுண்டு பவிஷு காட்டறது பித்தலாட்டம் இல்லாம வேற என்ன? இப்படிப்பட்டவாளுக்கு இடம் கொடுத்தா, நிஜமா ஒண்ணுமில்லாதவ எங்கே போவா? அடுத்த மனுவை எடுங்கோ."

ஜெயராமன் அடுத்த காகிதத்தை எடுத்தார். ரமா உட்காரவில்லை. கமிட்டியில் அவள் ஜகதாம்பாளை 'பிரசிடெண்ட் அம்மா' என்றுதான் அழைப்பது வழக்கம். உறவு வேறு, உத்தியோகம் வேறு என்று இருவருமே கண்டிப்பாக இருந்தார்கள்.

"அத்தை" என்றாள் ரமா.

ஜகதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமராஜபேட்டைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தேளே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் முன்னாடி வந்து உட்கார்ந்தேள். என் காதுல வைரத்தோடு போட்டிருந்தேன். அது எங்களோடது இல்லை. பக்கத்தாத்து ஜானகி மாமியோடது. நீங்க உட்கார்ந்த ரத்தினக் கம்பளம் எதிராத்துது. காப்பி கொடுத்த வெள்ளி டம்ளர்கூட எங்களுது இல்லை. அப்பாவுக்கு அப்போ ஏகப்பட்ட கடன். ராத்திரி வேளைக்கு அம்மா சாப்பிடறதே இல்லை. 'ஆத்துல எல்லாம் சௌக்கியம்தானே'ன்னு கேட்டேள். 'உங்க ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லை'ன்னு அம்மா சொன்னா."

அப்பா அம்மாவின் மானத்தை நாலு பேர் நடுவில் எடுத்து வைக்கிறோமே என்று ரமாவுக்கு உடம்பு கூசியது. செத்துப்போன அம்மா கேட்டால் மன்னிப்பாளோ என்னவோ. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் விடிந்ததும் ஒரு குழந்தை ரயிலேறிவிடும்.

"நாங்க பண்ணினதும் பித்தலாட்டம்தானே, அத்தை? அப்படின்னா உங்க குடும்பத்துல வாழ்க்கைப்பட எனக்கும் யோக்கியதை இல்லை."

ஜெயராமன் கையில் எடுத்த காகிதத்தை மறுபடி கீழே வைத்தார். ஜகதாம்பாளின் முகம் சிவந்தது. வெடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"என்னடி பெரிசா கண்டுபிடிச்சுட்டே?" என்றாள் அவள். "ஜானகி தோட்டை எனக்குத் தெரியாதா? இடது காதுத் தோட்டுல ஒரு கல்லு மஞ்சள் ஓடியிருக்கும். அதுக்கு முந்தின வருஷம் உங்க தெருவுலயே இன்னொரு பொண்ணைப் பார்க்கப் போனேன். அவ காதுலயும் அதே தோடுதான்."

ரமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கலை?"

"அதை யாராவது கேப்பாளா? வந்தவாளுக்கு மரியாதை பண்ணணும்னு போட்டுண்டு வந்து நிக்கறே. நாங்க என்ன தோட்டையா பார்க்க வந்தோம்? பொண்ணைன்னா பார்க்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவளாகப் பேச்சை நடுவில் நிறுத்தியதை அந்தக் கமிட்டி அதற்கு முன் பார்த்ததில்லை. ஜகதாம்பாள் மேஜையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் ஜெயராமனைப் பார்த்தாள்.

"ஏன் சும்மா உக்காந்திருக்கேள்? பழைய தீர்மானத்தை அடிச்சுட்டுப் புதுசா எழுதுங்கோ. திங்கக்கிழமையிலேருந்து அந்தக் குழந்தை காப்பகத்துக்கு வரட்டும்" என்றாள். அடுத்த மனு எடுப்பதற்குள் ரமாவின் பக்கம் திரும்பி, "நீ ஏன் இன்னும் நிக்கறே? போய்ச் சொல்லு. பெத்தவ ராத்திரியெல்லாம் அழணுமா?" என்று எரிந்து விழுந்தாள். கிழவியின் கண் கலங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது போல் இருந்தார்கள்.

கிருஷ்ணப்பாவை முன்னால் அனுப்பக்கூட ரமாவுக்குப் பொறுமை இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஏறக்குறைய ஓடியே சந்துக்குள் நுழைந்தாள்.

தனக்கோடி குழந்தையின் கவுனைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளைக்கு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வாசலில் ரமாவைக் கண்டதும் ஈரக்கையோடு பதறினாள்.

"சொல்லாம வந்துட்டீங்களேம்மா!"

"தனக்கோடி, நான் சொல்றதை முதல்ல கேளு..."

"இருங்க, இருங்க. இவளக் கொஞ்சம் புடிங்க." குழந்தையை ரமாவின் கையில் திணித்துவிட்டு அவள் சந்தில் ஓடியே போய்விட்டாள். ரமா கத்திக் கூப்பிட்டும் நிற்கவில்லை. ரமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காந்தா கனமாக இருந்தது. தலையில் விளக்கெண்ணெய் வாசனை. குழந்தை முதலில் விறைத்துக்கொண்டது. பிறகு மெல்ல ரமாவின் கழுத்துச் சங்கிலியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. அப்படியே நின்றாள். வேறு என்ன செய்ய?

நாற்காலி வந்தது. தனக்கோடி அதைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தாள், கட்டட வேலையில் பாண்டுச் சட்டியில் மண் சுமக்கிற அதே நடையில். உள்ளே போட்டு, முந்தானையால் துடைத்து, "இப்ப உக்காருங்க" என்றாள்.

ரமா குழந்தையோடு உட்கார்ந்தாள். உட்காரும்போதே பழக்கத்தில் முந்தானையை வலது பக்கத்திலிருந்து ஒதுக்கினாள்.

"பயப்படாதீங்க, ஆணிய அடிச்சாச்சு" என்றாள் தனக்கோடி. "நான்தான் கோவிந்தப்பா கிட்ட சொல்லி அடிக்க வெச்சேன். நாளைக்கு அவங்க வந்து இதுலதான உக்காருவாங்க. நல்ல துணியா கட்டிக்கினு வருவாங்க. கிழிஞ்சிடக் கூடாதில்ல."

ரமா நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பெற்ற குழந்தையை வாங்கிக்கொண்டு போக வருகிறவர்களின் துணி கிழியக் கூடாது என்று இந்தப் பெண் ஆணி அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். இவளைப் பற்றித்தான் 'மரச்சாமான் இருக்கிறது' என்று எழுதியாயிற்று. கமிட்டியில் அத்தனை பேச்சு பேசியவளுக்கு இப்போது ஒரு வரி சொல்ல இவ்வளவு நேரம் ஆயிற்று.

"இடம் கிடைச்சுடுத்து. திங்கக்கிழமை காலையில காந்தாவைக் கொண்டு வந்து விடு. சாயங்காலம் வேலை முடிஞ்சு அழைச்சுண்டு போ. தினமும்."

தனக்கோடிக்குப் புரியவில்லை. ரமா திரும்பவும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது தனக்கோடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரமாவின் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்குகிறாற்போல் வாங்கி மாரோடு இறுக்கிக்கொண்டாள். காந்தாவுக்கு மூச்சு முட்டி வீறிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பாஞ்சாலி ஓடி வந்தாள், சரளா வந்தாள், கோவிந்தப்பாகூட வந்து வாசலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் தனக்கோடிக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. "நாளைக்கு அவங்க வந்துருவாங்களேம்மா. ஆசையா வர்றவங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"நானும் வரேன். நான் சொல்றேன்."

தனக்கோடியின் முகம் மலர்ந்தது, உடனேயே வாடியது. கையைப் பிசைந்துகொண்டாள். பாஞ்சாலியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"ஆனா ஒரே ஒரு நாற்காலிதாங்களே இருக்குது. வேற இல்லீங்களே" என்றாள்.

அத்தனை கேள்விகளில் ஒன்றுக்குக்கூட வராத வார்த்தை அது. அவள் தன் வாயால் தன்னிடம் ஒன்று இல்லை என்று சொல்லி ரமா கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவா நாற்காலியில உட்காரட்டும். நான் உன்னோட பாயில உட்கார்ந்துக்கறேன்" என்றாள் ரமா.

தனக்கோடி யோசித்தாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளியைப் பாயில் உட்கார வைப்பது சரியா என்று நிஜமாகவே யோசித்தாள். பிறகு காந்தாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து வாசலுக்குப் போய்த் தட்டி உதறினாள்.